அண்ணனுக்கு வந்த அரிசி

எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் பத்து வீட்டில் தும்முவார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகள். வீட்டுக்கு வீடு சுவர் இருக்கிறது. ஆனால் சுவர் கூரையைத் தொடுவதில்லை. அதனால் பக்கத்து வீட்டுக் குழம்பு, சண்டை, இருமல் எல்லாம் எங்களுக்கும் சொந்தம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 2022 ஜூன் மாதம் தொடங்கியபோது எங்கள் லயத்தில் ஒருவரும் தும்மவில்லை. தாளிக்க எண்ணெய் இருந்த வீடு ஒன்றுகூட இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

சார், நீங்கள் சிங்களத்தில் எழுதி எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டிய வாக்குமூலத்தில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று பக்கத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. நடந்தது அப்படி அல்ல. அந்த நான்கு வாரத்தில் நான் சிரித்த அளவு என் நாற்பத்துநான்கு வயதில் எப்போதும் சிரித்ததில்லை. அதனால்தான் தாள் கேட்டேன். தந்ததற்கு நன்றி.

என் பெயர் ஜீவராணி. லுணுகலைக்கு மேலே உள்ள தோட்டத்தில், மேல் டிவிசனில் கொழுந்து பறிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். எங்கள் லயத்தில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். கணவர் இறந்து ஆறு வருடம். வீட்டில் நானும் என் மகள் மதுஷாவும்தான். அவளுக்குப் பதினேழு வயது. எங்களுக்கு இருந்த ஒரே ஆண் துணை என் அண்ணன் விஜேந்திரன். அவர் கல்யாணம் கட்டவில்லை. மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார். மாதத்துக்கு ஒரு தரம் எதையாவது தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்து நிற்பார்.

சொன்ன கிலோ கொழுந்து பறித்து முழுப் பேர் போட்டால் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய். அந்த வருடம் அந்த ஆயிரம் வெயிலில் வைத்த ஐஸ்பழம் மாதிரி இருந்தது. கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி இருக்காது. கோதுமை மா விலை ஏற ஏற என் ரொட்டி மெலிந்தது. ரொட்டிக்கு ஊடாகக் காலண்டர் வாசிக்கலாம் என்று மதுஷா சொன்னாள். ஒரு நாள் ரொட்டியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, "இன்னைக்குப் பிரதோசம்மா" என்று வாசித்தும் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கு அடுத்த வாரம் அவள் தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தாள். எழுந்ததும் முதலில் குடம் உடைந்ததா என்றுதான் கேட்டாள்.

எங்கள் டிவிசனில் மரண உதவிச் சங்கம் ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் சாவு விழுந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்துக் கொடுப்பார்கள். அந்த மார்ச்சில் சங்கத் தலைவர் இராசையா ஐயா கூட்டம் வைத்தார். அவர் பழைய கங்காணி. குரல் இன்னும் இறங்கவில்லை.

"சல்லிய வச்சுக்கிட்டு எழவு வீட்டுக்காரன் எந்தக் கியூவுல போயி நிக்கிறது? இனிமே சாமானாக் குடுங்க" என்றார்.

ஆகவே தீர்மானம் இப்படி ஆயிற்று: அழுகைச் சத்தம் கேட்டவுடன் வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி, ஒரு தேங்காய், ஒரு பிடி சீனி, ஒரு கட்டு விறகு. இல்லாதவர் இருப்பதைக் கொண்டு வரலாம். யார், எப்படி, நிச்சயமா என்று விசாரிக்கக் கூடாது. அது எங்களிடையே மரியாதை இல்லை. அழுகை கேட்டால் எடுத்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். அதை எழுதியது நான். கடைசி வரியையும் நான்தான் எழுதினேன்: சங்கத்தை ஏமாற்றுகிறவர் பெயர் வெட்டப்படும். பெயர் வெட்டப்பட்ட வீட்டில் சாவு விழுந்தால் தூக்க நாலு தோள் வராது. தோட்டத்தில் அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. பட்டினி கிடக்கலாம், அதற்குத் துணை உண்டு. தனியாகப் பிணமாக முடியாது.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது. அண்ணனோடு வேலை செய்கிறவர் பேசினார். கரும்பு லொறி பள்ளத்தில் விழுந்துவிட்டது, இரண்டு பேர் போய்விட்டார்கள், விஜேந்திரனும் அதில்தான் ஏறினான் என்றார். நான் அலறினேன். அது நடிப்பு இல்லை. இதை மட்டும் தயவு செய்து அடித்துவிடாதீர்கள்.

என் சத்தம் சுவர்களுக்கு மேலாகப் போயிற்று. போனை வைப்பதற்குள் பெரியாயி அக்கா வந்துவிட்டார். பக்கத்து வீடு. எங்கள் டிவிசனில் அவரைப் போல ஒப்பாரி வைக்க ஆள் கிடையாது. அவர் இடுப்பில் சுண்டு நிறைய அரிசி இருந்தது. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். அரிசி, அரிசி, அரிசி. ஒரு வீட்டில் அரிசி இல்லை. அவர்கள் இரண்டு மரவள்ளிக்கிழங்கைக் கழுவிக் கொண்டு வந்தார்கள். வாசலில் விரித்த சாக்கில் அரிசி குவியலானது. வெள்ளை, சிவப்பு, குறுணல் எல்லாம் கலந்து. நான் அழுதுகொண்டே அதைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. நான்கு மாதமாக அவ்வளவு அரிசியை ஒரே இடத்தில் கண்டதில்லை.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டிலே உலை வைத்தார்கள். யாரோ பருப்பு கொண்டு வந்திருந்தார்கள். வந்த தேங்காயில் எண்ணெய் காய்ச்சித் தாளித்தார்கள். சார், நான் தும்மினேன். லயம் முழுக்கத் தும்மியது. மதுஷா தன் மாமாவை நினைத்துத் தேம்பிக்கொண்டே இரண்டாவது தரம் சோறு கேட்டாள்.

அப்போது போன் திரும்ப அடித்தது. தெரியாத இலக்கம். நான் எழுந்து குசினிக்குப் பின்னால் போனேன்.

"ராணி?"

"யாரு?"

"செத்தவன் பேசுறேன்."

தன் போனில் சார்ஜ் இல்லாமல் யாரிடமோ வாங்கிப் பேசினார். வெற்றிலை வாங்க இறங்கினாராம். லொறி விட்டுவிட்டுப் போய்விட்டதாம். கால் மணி நேரம் டிரைவரைத் திட்டிக்கொண்டு நடந்தாராம். பிறகுதான் பள்ளத்தில் லொறியைப் பார்த்தாராம். "திட்டுனதெல்லாம் திருப்பி எடுத்துக்கிட்டேன் புள்ள" என்றார். விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, இங்க அரிசி வந்திருச்சு" என்றேன். ஏன் முதலில் அதைச் சொன்னேன் என்று தெரியாது.

அவர் வெற்றிலையைத் துப்பும் சத்தம் கேட்டது. பிறகு, "எவ்வளவு?" என்றார்.

"குவியலா."

"தேங்கா?"

"முப்பது இருக்கும்."

"யாரு அழுவுறது, சத்தம் இங்க வரைக்கும் கேக்குது?"

"பெரியாயி அக்கா. தரையில உருளுது."

"அதுவா? நான் உசுரோட இருந்தப்ப ஒருவாய் தேத்தண்ணி குடுக்கல." அவர் சிரிக்கத் தொடங்கினார். "சரி, திருப்பிக் குடுக்கவா போற? மதுஷா சாப்புட்டுச்சா?"

"ரெண்டாந்தரம் சாப்புடுது."

"அப்ப நான் செத்தே இருக்கேன். எழுத்தாளரம்மா, நல்லா எழுதி அடக்கம் பண்ணு."

ஆகவே இது அவருடைய சம்மதத்தோடு நடந்தது. எனக்குச் சிரிப்புப் பொங்கியது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். உடம்பெல்லாம் குலுங்கியது, கண்ணீர் ஓடியது. பெரியாயி அக்கா ஓடி வந்து என்னை நெஞ்சோடு அணைத்து, "அடக்காத புள்ள, அடக்காத, வெளிய விட்டுரு" என்றார். வெளியே விட்டேன். அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வயிறு நோகச் சிரித்தேன். அன்றைக்கு அழுதவர்களில் நான்தான் நன்றாக அழுதேன் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

இராசையா ஐயா உடலைக் கொண்டு வருவது பற்றிக் கேட்டார். "டீசல் இல்லீங்களாம் ஐயா. அங்கயே அடக்கம் பண்ணப் போறாங்களாம்" என்றேன். அந்த மாதத்தில் டீசல் இல்லை என்றால் எல்லாரும் எதையும் நம்புவார்கள். அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "செத்தவன ஊருக்கு அனுப்ப ஒரு கேன் எண்ணெய் இல்லாத நாடாப் போச்சே" என்று அழுதார். நல்ல மனிதர். எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் இல்லை.

மதுஷாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. பிள்ளைகள் துக்கத்தைத் தாங்கிக்கொள்வார்கள். ரகசியத்தைத் தாங்க மாட்டார்கள். அவள் மாமாவின் படத்துக்குத் தினமும் பூ வைத்தாள். அவள் கன்னத்தில் மெல்லச் சதை பிடித்தது.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு வந்த நல்ல காலம்தான். லுணுகலையில் மண்ணெண்ணெய்க் கியூவில் நின்றபோது யாரோ, "அந்தப் புள்ள துக்க வீடு, முன்னுக்கு விடுங்க" என்றார்கள். இருநூறு பேர் வழி விட்டார்கள். போத்தலை நிரப்பிக்கொண்டு திரும்பியபோது கால் தரையில் படவில்லை. ஸலீம் நானாவின் கடையில் மா இல்லை என்று பலகை தொங்கியது. என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு பையோடு வந்தார்.

"ஒங்கட அண்ணன் மௌத்தாம், கேள்விப்பட்டேன். கூடப் பொறந்தவன் போனா கை ஒடைஞ்ச மாதிரித்தான். இத எடுத்துக்கிட்டுப் போங்க. சல்லி வாணாம்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைத் துக்கம் என்று நினைத்தார். அந்த வருடம் விலை ஏறாத ஒரே சாமான் இரக்கம். அது அவ்வளவு கிடக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது. வீட்டுக்குப் போகும் வழியில் ஆள் இல்லாத வளைவில் நின்று கொஞ்ச நேரம் பையோடு சுற்றிச் சுற்றி ஆடினேன். நாற்பத்துநான்கு வயதில்.

பதினான்காம் நாள், சனிக்கிழமை, ரோட்டோர மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். நிரையில் நான் கடைசி ஆள். என் தலையில் ஒரு சின்னக் கல் விழுந்தது. திரும்பினால் சவுக்கு மரத்துக்குப் பின்னால் அண்ணன். மீசையை எடுத்திருந்தார். அடையாளம் தெரியக் கூடாதாம். மீசை இல்லாத முகம் பச்சைப்பிள்ளை மாதிரி இருந்தது. இன்னும் நன்றாக அடையாளம் தெரிந்தது.

"என்னாண்ணே இப்பிடி வந்து நிக்கிற?" என்றேன்.

"பதினாறுக்கு எனக்கு அழைப்பு இல்லியா?"

அங்கே லொறி ஓடவில்லை, கரும்பு வெட்டு நின்றுவிட்டது, இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை. பசறை வரைக்கும் ஒரு மரக்கறி லொறியில் தொற்றிக்கொண்டு, மீதித் தூரத்தை நடந்து வந்திருக்கிறார். நேராக லயத்துக்கு வரலாம் என்றுதான் நினைத்தாராம். வழியில் ஒரு லைட் கம்பத்தில் தன் மரண அறிவித்தலைப் பார்த்திருக்கிறார். நான் எழுதியது. "அன்பும் பண்பும் நெறஞ்சவராம்ல நானு. படிச்சுட்டு அழுதுட்டேன்" என்றார்.

ஒன்பதாம் நம்பர் மலைக்குக் கூட்டிப் போனேன். குளவி கொட்டி இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு தோட்டம் கைவிட்ட மலை அது. தேயிலை மரமாக வளர்ந்து காடாகிவிட்டது. அங்கே யாரும் போவதில்லை. நடுவில் ஒரு பழைய காவல் குடில் உண்டு. தகரக் கூரை, பலகைச் சுவர். பதினாறு முடியட்டும், பிறகு யோசிப்போம் என்றேன். அவருக்கும் அது சரியாகப் பட்டது.

தினமும் மத்தியானம் சோறு கொண்டு போனேன். அவர் சாப்பிட மாட்டார். முதலில் கதை கேட்பார். யார் எவ்வளவு அழுதார்கள், யார் வரவில்லை, யார் அழுகிற சாட்டில் அரிசியை எடை போட்டார்கள். நான் எல்லாரையும் போல அழுது காட்டினேன். பெரியாயி அக்காவின் ஒப்பாரியை ராகத்தோடு பாடினேன். அவர் தரையில் விழுந்து புரண்டார். "இன்னொருக்கா, அந்தக் கரும்புத் தோட்டம் வர்ற எடத்த இன்னொருக்கா" என்பார். எங்கள் அம்மா இறந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சேர்ந்து இருந்ததே இல்லை.

பதினாறாம் நாள் கருமாதி. சங்கம் குறை வைக்கவில்லை. வடை, பாயாசம், நாலு கறி, அவருக்குப் பிடித்த பீடி ஒரு கட்டு. படையலைக் கூரையில் வைத்ததும் காகம் வந்து ஒரு வடையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. "வந்துட்டான் பாரு, விஜேந்திரன் வந்துட்டான்" என்று எல்லாரும் கையெடுத்தார்கள். மிச்சத்தை ஓடையில் விட்டுவிட்டு வருகிறேன் என்று இலையோடு எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். காகத்துக்கு வைப்பது போய்ச் சேருகிறதா என்று யாருக்கும் தெரியாது. நான் நேராக ஆளிடமே சேர்த்தேன்.

அண்ணன் இலையைப் பார்த்துவிட்டு "கா, கா" என்று கத்திக்கொண்டு குடிலைச் சுற்றி ஓடினார். வாய் நிறைய வடையோடு, "ராணி, உசுரோட இருக்கிறவனுக்கு இப்பிடி ஒருத்தரும் ஆக்கிப் போட மாட்டாங்க" என்றார்.

பிறகு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "சரி, எப்ப நான் பொழைக்கிறது?" என்று கேட்டார்.

அதைப் பற்றியும் நிறையச் சிரித்தோம். ஞாபகம் மறந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததாகச் சொல்லலாம். சாமியார் காப்பாற்றியதாகச் சொல்லலாம். ஆனால் எதைச் சொன்னாலும் இராசையா ஐயா முதலில் என்னைத்தான் பார்ப்பார். நாற்பத்தெட்டு வீட்டு அரிசி. பட்டினியில் அளந்து கொடுத்த அரிசி. பெயரை வெட்டுவார்கள். மதுஷா அந்த லயத்தில் எப்படி நடப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். அண்ணனும் நினைத்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நாள் செத்திருக்கேன், அவசரமில்ல" என்றார்.

அந்த நேரத்தில்தான் பதுளையில் இருந்து ஒரு தொண்டுக் கூட்டம் பட்டியல் எடுக்க வந்தது. உழைக்கிற ஆண் இறந்த குடும்பங்களுக்குப் பொதி கொடுக்கிறார்களாம்: பத்துக் கிலோ அரிசி, பருப்பு, டின்மீன், பால்மா. மூன்று மாதத்துக்கு. இராசையா ஐயாவே என் பெயரை முதலில் எழுதிக் கையெழுத்து வைத்தார். முதல் பொதி அடுத்த வெள்ளிக்கிழமை. பால்மா, சார். எங்கள் வீட்டில் பால்மாவின் மணம் போய் எட்டு மாதம்.

வெள்ளிக்கு முந்திய சனிக்கிழமை அண்ணனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. கெண்டைக்கால் வலிக்கிறது என்றார். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். பனடோல் கொடுத்தேன், அதுவும் அப்போது விலைதான், இருந்தாலும் கணக்குப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை கண் மஞ்சளாகியிருந்தது.

"கருமாதி முடிஞ்ச பொறகு காய்ச்சல் வந்த மொத ஆளு நாந்தான்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார். "போதும் புள்ள. ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம். இராசையா அண்ணங்கிட்ட நானே கால்ல விழுறேன். அடிச்சா அடிக்கட்டும்."

"பஸ் இல்லண்ணே. டீசல் இல்ல" என்றேன்.

அந்த வாரங்களில் அது பெரும்பாலும் உண்மை. திங்கட்கிழமை இரண்டு பஸ் போனது. ஒன்பதாம் நம்பர் மலையில் இருந்து ரோடு தெரியாது. அவருடைய போனைச் சார்ஜ் ஏற்ற வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஏற்றியும் வைத்தேன். திருப்பிக் கொண்டுபோகத்தான் மறந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க மறந்துவிட்டேன்.

நான் கேட்டது அதிகம் இல்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். அதைத்தான் அவரிடமும் சொன்னேன். வெள்ளிக்கிழமை பொதி கையில் வந்ததும் நானே தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். அண்ணன் எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்கிறவர். இந்த ஒரு தடவைதான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, எல்லாரும் கொழுந்து நிறுக்கப் போன நேரம், நான் கடைசியாகச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தேன். தேயிலை நிரைக்குள்ளே ஏதோ அசைந்தது. பன்றி என்று நினைத்தேன். அண்ணன். கையாலும் முழங்காலாலும் அவ்வளவு தூரம் இறங்கி வந்திருந்தார். அங்கிருந்து எங்கள் லயத்துக் கூரை தெரிகிறது. இன்னும் பத்து நிரை இறங்கியிருந்தால் நிறுக்கிற இடத்துக்குச் சத்தம் கேட்டிருக்கும்.

"யாரையாச்சும் கூப்புடு ராணி" என்றார்.

அவர் வாயில் கையை வைத்தேன். காய்ச்சல்காரர் பேசினால் களைப்பு. சாக்கை இறக்கிவிட்டு அவரை முதுகில் ஏற்றிக்கொண்டேன். இருபத்தைந்து வருடம் கொழுந்து சுமந்த முதுகு. அவர் அவ்வளவு கனமாக இல்லை. பாதி ஏற்றத்தில் காதுக்குப் பக்கத்தில், "என்னயும் நிறுத்துருவியா? எத்தன கிலோ போடுவ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. இரண்டு தடவை நின்று சிரித்துவிட்டு ஏறினேன். அப்படி ஒரு மனிதர்.

புதன்கிழமை காலை காற்று தொடங்கியது. எங்கள் பக்கம் ஆடிக் காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். தண்ணீரும் ரொட்டியும் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை லுணுகலையில் பொதி கொடுத்தார்கள். என்னைப் படம் எடுத்தார்கள். நான் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பத்துக் கிலோவுக்கு மேல் இருந்தும் பஞ்சு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நானும் மதுஷாவும் தண்ணீர் சுடும் வரை பொறுக்கவில்லை. பால்மாவைக் கரண்டியால் அள்ளி அப்படியே வாயில் போட்டோம். அது மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேருக்கும் பேச வரவில்லை. ஊமைகள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக் கையைக் காட்டிச் சிரித்தோம். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அன்றே போகவில்லையா என்று நீங்கள் கேட்டீர்கள். மழை தூறியது. களைப்பாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை ஒரு போத்தலில் பால் கரைத்துக்கொண்டு ஏறினேன். கெட்டியான பால், சீனி போட்டது. மதுஷா எனக்குத் தெரியாமல் பின்னால் வந்திருக்கிறாள். அம்மா தினமும் குளவி மலைக்குச் சோறு கொண்டு போவது அவளுக்குச் சில நாளாகவே தெரியுமாம். நான் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அண்ணன் கதவோடு சாய்ந்திருந்தார். திறந்ததும் எங்கள் கால்மாட்டில் சரிந்தார். மதுஷா கத்தவில்லை. நாலு வாரமாகப் பூ வைத்துக் கும்பிட்ட மாமாவை மீசை இல்லாமல் பார்த்தாள். தண்ணீர் கொண்டு போன சட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் சாப்புட்டதெல்லாம் இதாம்மா?" என்றாள்.

பதில் சொல்வதற்குள் ஓடிவிட்டாள். அவள் அழுத சத்தம் கீழே லயம் வரைக்கும் போயிருக்கிறது. என்ன நடந்தது என்று தெரியாமலே பெண்கள் வழக்கப்படி சுண்டில் அரிசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். நான் இறங்கி வந்தபோது பெரியாயி அக்கா வாசலில் நின்றார், இடுப்பில் அரிசியோடு. மதுஷா சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். அரிசியைத் திருப்பிக் கொண்டு போனார். நான்கு வாரத்தில் முதல் தடவையாக அவர் அழவில்லை.

பெயரை வெட்டினார்கள். எழுதுவதற்கு ஆள் இல்லாததால் இராசையா ஐயாவே கோணல் எழுத்தில் எழுதினார். ஆனால் அண்ணனை அவர்கள் தனியாக விடவில்லை. "அவன் பேரு வேற, ஒன் பேரு வேற" என்று இராசையா ஐயா சொன்னார். நாலு தோளுக்குப் பத்துப் பேர் வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் என்னை இங்கே கொண்டு வந்துவிட்டார்கள். மதுஷா இப்போது பெரியாயி அக்கா வீட்டில் இருக்கிறாள். பொதி அரிசியைத் தொடுவதில்லையாம். பிள்ளைப் பிடிவாதம். பசி வந்தால் தொடுவாள்.

சட்ட வைத்தியர் எலிக்காய்ச்சல் என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். திங்களோ செவ்வாயோ கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொன்னாராம். இருக்கலாம். அது கரும்புக் காட்டில் இருந்து கொண்டு வந்த காய்ச்சல்; நான் கொடுத்தது இல்லை. எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அவருக்காக நான் இரண்டு தரம் அழுதிருக்கிறேன். எந்தத் தங்கை அப்படிச் செய்திருக்கிறாள்?

கதவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆம், புதன்கிழமை காலை அதை வெளிப்பக்கமாகக் கம்பி போட்டுக் கட்டியது நான்தான். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளும். எத்தனை முறுக்கு என்று கேட்டீர்கள். ஏழு. காற்றுக்கு இரண்டு போதாதா என்றீர்கள். நீங்கள் எங்கள் பக்கத்துக் காற்றைப் பார்த்ததில்லை, சார். வியாழக்கிழமை மத்தியானம் முழுக்க நான் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அது கதவைப் பிடித்து அப்படி உலுக்கியது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் செய்தது.